ஒற்றைச் செருப்புக்காரன்

ஜனவரி 9, வெள்ளி

காலையிலிருந்து மழை. நான் வேலை செய்யும் கல்முனை அச்சுக் கடையில் ஒரேயொரு கலியாணக் கார்ட் வேலை. அதிலும் ரோஜாப்பூவை நாலு தரம் மாற்றச் சொன்னார்கள்.

நம்முடைய கணினி விளையாட்டு முடிந்துவிட்டது. பெயர் ‘ஒற்றைச் செருப்பு’. பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தவனின் இடது செருப்பைக் காணோம்; மற்றதை மட்டும் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறான். அவ்வளவுதான் கதை. படங்கள் நான். கணினி வேலை ஒலுவில் ஊர் நண்பன் நவாஸ். இங்கிலீஷ் என் மனைவி சிபானா. பள்ளிக்கூட ரீச்சர், சிரிக்க எழுதும் பகிடிக்கும் சிவப்புக் கோடு போடுவாள்.

அடுத்த வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். அந்த இரண்டு பேருக்கு. உயரத்துக்குப் பயந்த வெளிச்சவீட்டுக் காவல்காரனை வைத்து விளையாட்டுச் செய்த அண்ணன், தங்கை. புதியவர்கள் அனுப்புவதில் ஒன்றைத் தெரிவுசெய்து, தங்கள் அடுத்த விளையாட்டோடு வெளியிடுவார்களாம்.

அவர்களுடைய விளையாட்டில் ஒரு கிணறு. கதைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. தட்டினால் காவல்காரன் “வெறும் கிணறு” என்பான். அப்போது எனக்கு இருபது வயது, வேலையில்லை, தட்டிக்கொண்டே இருந்தேன். பத்தொன்பதாம் தரம் கிணறு வாயைத் திறந்து ஏசியது: “உனக்கு வேறு வேலை இல்லையா?” விழுந்து விழுந்து சிரித்தேன். யாரும் காணாமலே போகக்கூடிய இடத்தில் உட்கார்ந்து ஒரு பகிடியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களை ஒருதரம் சிரிக்க வைக்க வேண்டும். அதுதான் ஆசை.

கவலை: நம்முடையதற்கு இதுவரை ஒருவரும் சிரிக்கவில்லை. நவாஸ் “நல்ல பகிடி மச்சான்” என்பான், முகம் அசையாது.

ஜனவரி 10, சனி

மழை விட்டு விட்டு. விளையாடிப் பார்க்க ஆளில்லை. மாமியைப் பிடித்தோம். (சிபானாவின் உம்மா. அவருடைய வீட்டில்தான் இருக்கிறோம்.) பதினொரு வருடமாக என்னோடு நேரே கதைத்ததில்லை. கோபமில்லை, மரியாதை. மகளிடம் சொல்வார், மகள் எனக்குச் சொல்வாள். அடுத்த அறையில் இருந்து இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் காட்சியிலேயே நின்றுவிட்டார். கடற்கரையில் ஒரு கயிறு. எடுத்தால்தான் அடுத்தது.

“எடுங்க உம்மா.”

“ஆர்ட கயிறுகா?”

“தோணிக்காரர்ட.”

“அவருக்கிட்டக் கேட்டாச்சா?”

“கேக்கத் தேவல்ல. இப்படியான விளையாட்டுல காணுறதெல்லாம் எடுத்துப் பையில போடுறதுதான்.”

“தன்ட செருப்ப எவனோ எடுத்துட்டான் எண்டு அழுறான். இவன் மட்டும் மத்தவன்ட கயிறக் கேளாம எடுக்கலாமோ? உன்ட மாப்பிள்ளட்டச் சொல்லு, இவனும் கள்ளன்தான்.”

எழுந்து சமையலுக்குப் போய்விட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில். எனக்குக் கோபம். மனதுக்குள் காலை முழுக்க மாமியோடு வழக்கு: உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள், மாமி!

அஸர் தொழுகைக்குப் பிறகுதான் உறைத்தது. உலகம் முழுக்கச் செய்வதையே நானும் செய்தால் அந்த இரண்டு பேருக்கும் இதில் என்ன புதினம்? நவாஸுக்குப் போன்.

“மச்சான், ‘எடு’ எண்ட பட்டனத் தூக்கு. ‘கேள்’ எண்டு போடு.”

“அஞ்சு நாள்தான் இருக்கு. விசரா உனக்கு?”

“ஓம்.”

போனுக்குள் தும்மல் மாதிரி ஒன்று. நவாஸ் சிரித்தான்!

ஜனவரி 13, செவ்வாய்

கடைக்கு லீவு. எழுத்து, எழுத்து. நம்மூரில் ஒரு சாமானைக் கேட்டால் சும்மா தருவார்களா?

– தோணிக்காரர்: கயிறு தருவார். முதலில் தன் மருமகனைப் பற்றிய முழுக் கதையும் கேட்க வேண்டும். நடுவில் எழும்பினால் ஆரம்பத்திலிருந்து.

– மருதமுனை நெசவுக்காரர்: நூல். எந்த நிறம் வடிவு என்று கேட்பார். எதைச் சொன்னாலும் பிழை.

– சம்மாந்துறை டிரக்டர்காரர்: வண்டி தருவார், ஓட்ட விடமாட்டார். தானே ஓட்டுவார், வழியெல்லாம் நிறுத்தி ஸலாம்.

– தேத்தண்ணி குடிக்காமல் எந்த வீட்டையும் விட்டு வெளியேற முடியாது. ஏழாவது கோப்பைக்குப் பிறகு நடந்தால் வயிற்றுக்குள் சத்தம். (நவாஸ் வாயாலேயே போட்டது.)

சிபானா ஒரு சிவப்புக் கோடும் போடவில்லை.

ஜனவரி 15, வியாழன்

தூறல். மாமி மறுபடி. நான் அறைக்குள், கதவு கொஞ்சம் திறந்து. தோணிக்காரர் கதையைத் தொடங்கினார். “பாவம் அந்த மருமகன்” என்றார் மாமி. போச்சு, தோற்றோம் என்று நினைத்தேன்.

ஏழாவது தேத்தண்ணி. வயிற்றுச் சத்தம்.

மாமி சிரித்தார். முக்காட்டுத் துணியை வாயில் வைத்தும் அடங்காத சிரிப்பு. “உன்ட மாப்பிள்ளட்டச் சொல்லுகா, இப்பதான் இவன் நல்ல மனிசன்.”

அறைக்குள் துள்ளினேன். மின்விசிறியில் கை பட்டு வீக்கம். பரவாயில்லை.

ஜனவரி 16, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு அனுப்பியாச்சு. பள்ளிவாசலில் என் செருப்பு இரண்டும் வைத்த இடத்திலேயே. சகுனம் பார்ப்பதில்லை. ஆனாலும்.

நன்றிப் பட்டியலில் முதல் ஆள் மாமி: ‘கேளாமல் எதையும் எடுக்காதவர்.’

ஜனவரி 31, சனி

நாங்கள்தான்! நாங்கள்தான்! அல்ஹம்துலில்லாஹ்.

சிபானா அவர்களுடைய கடிதத்தை வாசித்தாள். தோணிக்காரர் கதையில் இருவரும் அடுப்பை மறந்து சோற்றைக் கருக்கிவிட்டார்களாம். இத்தனை வருடம் விளையாட்டுச் செய்தும் ஒருதரமாவது கேட்டு எடுக்கத் தோன்றவில்லையே, வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். சிரித்துச் சிரித்து வெட்கப்பட்டார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நவாஸ் பைக்கில் நனைந்துகொண்டு தொதல் இனிப்போடு வந்தான். இரண்டாம் தரமும் சிரித்தான்.

“அவங்கட விளையாட்டையும் போட்டுத் தரச் சொல்லுகா” என்றார் மாமி, மகளிடம். போட்டுக் கொடுத்தேன்.

இப்போது கிணற்றடிக்கு வந்துவிட்டார். தட்டுகிறார். “வெறும் கிணறாம் உம்மா” என்கிறாள் சிபானா. “இன்னும் கேட்டாத் தரும்” என்கிறார். மறுபடி தட்டுகிறார். நான் அறைக்குள் இருந்து எண்ணி எண்ணி எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினாறு. பதினேழு. “விடுங்க உம்மா.” பதினெட்டு.

“மருமகன்! ஓடி வாங்க மருமகன், கிணறு எனக்கு ஏசுது!”