ஓடைக்கரை முள்கம்பி

சோர்வோன், வடகொரிய எல்லைக் கிராமம்
1983 செப்டம்பர்

அன்பு மகள் பொக்சுனுக்கு,

அம்மா எழுதுவது. நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. தையல் ஆலைத் தூசியில் இருமல் என்றாயே, பேரிக்காயைத் தேன் விட்டு வேக வைத்துக் குடி. கடையில் வாங்கித்தான் குடிக்க வேண்டும். நம் மரத்துக் காய் இந்த வருடத்தோடு சரி.

நிலம் போய்விட்டது. போருக்கு முந்தைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சியோலிலிருந்து யுன் என்பவர் வந்தார் அல்லவா, கோர்ட்டு அவர் பக்கம் சொல்லிவிட்டது. காய் பறித்ததும் தோட்டத்தை அழித்து ஜின்செங் கிழங்கு போடுவாராம். வேண்டுமானால் மரங்களை நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார். காய்க்கிற மரத்தை எந்த மூட்டையில் கட்டித் தூக்கிப் போவது?

உனக்கே தெரியும். ராணுவம் இந்தத் தரிசில் நம்மைக் குடியேற்றியபோது, அப்பா இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக் கண்ணிவெடி எடுத்தார். எடுத்த ஒவ்வொரு குழியிலும் ஒரு பேரிக்கன்று வைத்தார். வரிசையே இல்லாத தோட்டம், குடிகாரன் நட்டது என்று ஊர் சிரித்தது. ஆனாலும் நம் வீட்டுக்கு வந்தவர்கள் மரத்துக்கு மரம் பார்த்துத்தான் கால் வைத்தார்கள். யுன் அதைப் பார்த்துவிட்டு, நேராக மரம் வைக்கக்கூடத் தெரியவில்லையே என்று சிரித்தார்.

உன் தம்பி தேஜின் ஓடைக்கரையில் வெடி மிதித்துப் போன அன்று அப்பா அந்த இரும்புக் கம்பியைக் கீழே போட்டவர், பிறகு தொடவே இல்லை. வெடி எடுக்காத அந்த நிலத்துண்டைச் சுற்றி முள்கம்பி கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டார். உள்ளே இருக்கிற பழைய மண்மேடு யுன்னுடைய தாத்தா கல்லறையாம். வந்தபோது அவர் அந்தப் பக்கம் போகவில்லை, அங்கே வெடி இருப்பது அவருக்குத் தெரியாது.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். போன வாரம் முள்கம்பியைக் காணோம். தேடினால் தானியக் கொட்டகையில் சுருட்டிக் கிடந்தது. நானே கொண்டுபோய்க் கட்டினேன். மறுநாள் மறுபடியும் இல்லை, இப்போது கொட்டகையிலும் இல்லை. அறுவடைப் பௌர்ணமிக்கு முந்தின ஞாயிறு, யுன் மகன் மருமகள் பேத்தியோடு கல்லறைப் புல் வெட்ட வருகிறார்.

அப்பாவிடம் நேராகவே கேட்டேன். அவர்களுக்குக் கொடுப்பதற்காக அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். தம்பி போன பிறகு என்னைப் பொக்சுன் அம்மா என்றுதானே கூப்பிடுகிறார்? அன்று தலை நிமிராமல் சொன்னார்:

"தேஜின் அம்மா, வெடி எடுத்தது நாம, மரம் வெச்சது நாம. மிச்சம் இருக்கறத அவரு எடுத்துக்கட்டும்."

அழுதேன், காலைப் பிடித்தேன். அவர் தீட்டுவதை நிறுத்தவில்லை.

எனக்கு மட்டும் வயிறு எரியவில்லையா? அந்த மனிதர் தோட்டத்தில் நின்று சிரித்தபோது, நாசமாய்ப் போ என்று நானும்தான் மனதுக்குள் சொன்னேன். ஆனால் அந்தப் பேத்தி சின்னக் குழந்தை. போன முறை என் கையைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் தாண்டி விளையாடினாள். நீயும் தம்பியும் அப்படித்தான் விளையாடுவீர்கள்.

நானே யுன்னிடம் சொல்லிவிடலாம். ஆனால் முள்கம்பியை அவிழ்த்தது யார் என்று ராணுவச் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள். அவர் கெட்டவர் இல்லை, பொக்சுன். உடைந்துபோனவர். மகனைக் கொடுத்தேன், நிலத்தைக் கொடுத்தேன், இவரையும் கொடுத்துவிட்டு நான் யாருக்குச் சோறு வடிப்பது?

உன் பேச்சை மட்டும்தான் அவர் தட்டியதில்லை. அந்த ஞாயிறுக்குள் வந்துவிடு. வராவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு முன்னால் அரிவாளை எடுத்துக்கொண்டு நான் ஓடைக்கரைக்கு நடப்பேன். நான் முன்னால் போனால் அப்பா வாயைத் திறந்து நிறுத்தாமலா இருப்பார்? முன்பு என்றால் நிச்சயம் நிறுத்துவார் என்று எழுதியிருப்பேன்.

மேஸ்திரி லீவு தர மாட்டார், தெரியும். காரணம் கேட்டால் வீட்டில் சாவு என்று சொல். நீ நேரத்துக்கு வந்துவிட்டால் அது பொய்யாகிவிடும்.

தீர்க்காயுசாய் இரு, கண்ணே.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா