உங்கள் பெயருக்கு வந்த வெட்டு உத்தரவு

அன்பு மாறாத ஏழுமலை மாமாவுக்கு,

சென்ற புதன்கிழமை காலை பத்தே காலுக்கு, மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, பங்குச் சந்தைச் செயலியை என் கைப்பேசியின் முதல் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்கு மாற்றினேன். ரீசார்ஜ் கடை பாபு உடனிருந்தான். மாற்றி முடித்த பின் இருவரும் டீ சொல்லிக் குடித்தோம். இவ்வளவு பெரிய முடிவை நீங்கள் பக்கத்தில் இல்லாமல் எடுத்தது இதுதான் முதல் முறை. அதனால் தெரிவித்துவிடுகிறேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. மழை விட்ட வாரம், மடை திறக்கப் போனவர் வரப்பில் உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை யாராவது உங்களிடம் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டுக்காரி, என் அக்கா, சொல்ல மாட்டாள். அவள் நடப்பதையெல்லாம் நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்ற முடிவில் இருக்கிறாள்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் மூவரும் ஒரே வாரத்தில் முதலீட்டாளர்கள் ஆனோம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த பாபு, வருகிறவர்களுக்கெல்லாம் ரீசார்ஜோடு பங்கு வாங்குவதற்கான டீமேட் கணக்கும் போட்டுக் கொடுத்த காலம் அது. நான் கிளை நூலகத்தில் வேலை பார்ப்பவன். பங்குச் சந்தை பற்றி அங்கிருந்த நூல்கள் அனைத்தையும் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். அனைத்தும் என்றால் இரண்டு. ஒன்றில் கடைசி அத்தியாயத்தை யாரோ கிழித்திருந்தார்கள். எப்போது விற்பது என்பது அதில்தான் இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் எதையும் படிக்கவில்லை. உங்கள் மகள் திவ்யா அப்போது ஒன்பதாவது. அவள் நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த கரும்புப் பணம் அத்தனையையும் ஒரே கம்பெனியில் போட்டீர்கள். குழாய் செய்கிற கம்பெனி. காரணம் கேட்டேன்.

“நம்ம போர்ல எறக்கன பைப்பு, மாப்ள. பன்னெண்டு வருசமா ஒரு விரிசல் வுடல. இவன் ஏமாத்த மாட்டான்.”

என் இரண்டு நூல்களும் இதே முடிவுக்கு வந்து சேர ஆளுக்கு முந்நூறு பக்கம் எடுத்துக்கொண்டிருந்தன.

கணக்குத் தொடங்கும்போது கைப்பேசியில் முகம் காட்ட வேண்டுமே, அதுவும் நினைவிருக்கிறது. தலைத்துண்டை அவிழ்த்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றீர்கள். “அண்ணே, கண்ண மூடித் தொறங்க” என்றான் பாபு. “ஏன்டா, உயிரு இருக்குதான்னு பாக்குறானா?” என்று கேட்டீர்கள். அதைத்தான் பார்த்தார்கள், மாமா.

உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பங்கு இருந்தது. மூங்கில்துறைப்பட்டுக் கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு போடுகிற எல்லோரிடமும் இருப்பதுதான். பட்டாவோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தீர்கள். அந்தப் பங்கு ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. நட்ட தேதியைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வயலைப் பார்க்க ஆள் வருவார். பிறகு உங்கள் பெயரும் பரப்பும் தேதியும் போட்டு வெட்டு உத்தரவு வரும். அது வருவதற்கு முன்னால் வெட்டினால் கரும்பு வெயிலில் கிடந்து காயும், எடை போட ஆளிருக்காது. உங்கள் வயதில் முப்பது வருடத்தை நீங்கள் இந்த ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தே கழித்திருந்தீர்கள்.

அதனால் குழாய்க் கம்பெனியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டீர்கள். விற்க வேண்டிய நேரத்தில் கம்பெனியே உங்களுக்கு எழுதும்.

பாபு எவ்வளவோ சொன்னான். “அண்ணே, இதுல யாரும் ஆர்டர் அனுப்ப மாட்டாங்க. நீங்களா பாத்து வித்துக்க வேண்டியது தான்.”

“அவனவன் இஷ்டத்துக்கு வெட்டிக்கலாம்னா ஆலை இன்னாத்துக்குடா ஆகும்?”

“ஆலை இல்லண்ணே, மார்க்கெட்டு.”

“எல்லாம் ஒண்ணு தான். உனுக்கு வரலன்னா கம்மியா நட்டுருப்ப. எனுக்கு வரும்.”

அப்புறம் அந்த மார்ச் மாதம் வந்தது. நோய்ச் செய்தி வந்துகொண்டிருந்தது, ஊர் இன்னும் மூடப்படவில்லை. நாம் மூவரும் புளி வாங்கக் கல்வராயன் மலைக்குப் போயிருந்தோம். வெள்ளிமலை தாண்டி ஒரு வளைவில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அதுவும் சாலையோரப் பாறை மேல் ஏறி நின்றால்தான். நானும் பாபுவும் ஏறினோம்.

மாமா, அன்று நான் பார்த்ததை இன்றுவரை யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. நாட்டில் உள்ள அத்தனை பேருடைய பணமும் என் உள்ளங்கையில் சிவப்பாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. எதிரே மலை அப்படியே இருந்தது. கீழே பள்ளத்தில் யாரோ சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கண்ணிமைப்புக்குள் இன்னும் கொஞ்சம் போனது. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு அமைதியாக விழும் என்று எனக்குத் தெரியாது. கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அது பயம் மட்டும் இல்லை. கோயிலில் திரை விலகும்போது சிலருக்கு வருமே, அதுவும் அதில் இருந்தது.

புளிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எங்களை நிமிர்ந்து பார்த்தாள். “இன்னாங்க, வூட்ல யாருக்கனா முடியலயா?”

“இல்லம்மா, மார்க்கெட்டு வுழுந்துடுச்சு” என்றான் பாபு.

“யாரு மேல?”

பாபு எல்லாவற்றையும் விற்றான். நானும் விற்றேன். விற்பதற்கு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. இரண்டு முறை சிக்னல் போய் எனக்கு யோசிக்க வாய்ப்புக் கொடுத்தது. நான் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

நீங்கள் கீழே ஒரு புளியை உடைத்து, கொட்டை எடுத்து, சதையை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாறையிலிருந்தபடியே கத்தினேன். “மாமா, பாதி போயிடுச்சு! வித்துடுங்க! திவ்யா படிப்பு மாமா!”

“ஆர்டர் வந்துச்சா?”

“இன்னா ஆர்டரு மாமா, எல்லாம் போவுது!”

“பயிரு காத்துல சாஞ்சாலும் ஆர்டர் வராம கத்தி வைக்கக் கூடாது, மாப்ள. சாஞ்சது நிமிரும். வெட்டனது நிமிருமா?” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவிடம் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேச ஆரம்பித்தீர்கள். அவள் குறைக்கவில்லை. அன்று முழுவதும் உங்களுக்கு இருந்த ஒரே வருத்தம் அதுதான்.

சாய்ந்தது நிமிர்ந்தது. வருடம் திரும்புவதற்குள் நீங்கள் போட்டதற்கு மேலே போய், பிறகு இரண்டு மடங்கானது. நானும் பாபுவும் விற்ற விலையை நாங்கள் மறுபடி பார்க்கவே இல்லை.

அதன்பின் நகரத்தில் உங்களுக்கு ஏற்பட்ட மதிப்பை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. பாபுவின் கடையில் வந்து உட்கார்ந்தால் நாற்காலி காலியானது. கற்றுக்குட்டி முதலீட்டாளர்கள், எல்லோரும் இருபத்தைந்து முப்பது வயது, பைக்கை நிறுத்திவிட்டு வந்து கேட்பார்கள். “அண்ணே, எப்பண்ணே விக்கிறது?”

“ஆர்டர் வரட்டும்.”

அவ்வளவுதான் சொல்வீர்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு மும்பையில் யாரோ இருப்பதாக முதலில் பேசிக்கொண்டார்கள். பிறகு அது டெல்லி ஆனது. நான் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். பொறாமை என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து எனக்கே சந்தேகம் வந்தது. நூல் படித்தவன் பாறையில் நின்று விற்றான், தவறாகப் புரிந்துகொண்டவர் புளி வாங்கினார். அப்படியென்றால் யார் புரிந்துகொண்டவர்?

உங்கள் காரியத்தன்று, இலை போடுவதற்கு முன்னால், மூன்று பேர் தனித்தனியாக அக்காவிடம் வந்து துக்கம் கேட்டார்கள். மூவரும் அதே கேள்வியில்தான் முடித்தார்கள். “அண்ணன் கடசியா எதுனா சொன்னாராக்கா? விக்கச் சொன்னாரா?”

“மோட்டார நிறுத்துன்னு தான்டா சொன்னாரு” என்றாள் அக்கா. அவர்களில் ஒருவன் அதை எழுதி வைத்துக்கொண்டான்.

பங்குகள் உங்கள் பெயரிலேயே இருந்தன. பெயர் மாற்றும் வேலையை ஒருவரும் தொடங்கவில்லை. சட்டை இன்னும் கொடியில் கிடக்கிற வீட்டில் அந்தப் படிவத்தை எடுத்து நீட்ட எனக்கு மனம் வரவில்லை. திவ்யா பன்னிரண்டாவது முடித்தாள். நல்ல மதிப்பெண். சேலத்தில் ஒரு செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆவணி முதல் வாரத்துக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எல்லோரும் பங்கு இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தோம்.

ஆடி மாதம் தபால் வந்தது.

கனமான உறை. உள்ளே ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் அளவுக்கு. அக்கா அதை நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். “கரண்டு பில்லாடா?” என்று கேட்டாள். நின்றபடி படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கம் முடியும்போது உட்கார்ந்திருந்தேன்.

குழாய்க் கம்பெனி எழுதியிருந்தது, மாமா. தன்னுடைய பங்குகளைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறதாம். சந்தை விலையைவிட நல்ல கூடுதல் விலைக்கு. உங்கள் பெயர் இருந்தது. எத்தனை பங்கு என்று இருந்தது. எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது.

பெரிய கம்பெனிகள் எப்போதாவது இப்படிச் செய்வது உண்டு என்று எனக்கு இப்போது தெரியும். அந்த நிமிடம் தெரியாது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், இருபது கோடிப் பேர் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்று நான் சிரித்த ஒரு காகிதம் என் மேசையில் கிடக்கிறது என்பதுதான். பாபுவை வரச் சொன்னேன். அவன் கடிதத்தைத் தொடுவதற்கு முன் செருப்பைக் கழற்றினான். நானும் கழற்றியிருந்தேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“வந்துடுச்சுண்ணே” என்றான் பாபு. என்னிடம் சொல்லவில்லை.

அக்காவுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. “வரும்னு தான சொல்லிக்கினே இருந்தாரு. உங்களுக்கெல்லாம் தான் காது கேக்கல.”

ஆனால் உத்தரவு வந்த ஆள் இல்லை. அவர் சார்பில் யாரும் ஒப்படைக்க முடியாது, முதலில் பங்கு அக்கா பெயருக்கு மாற வேண்டும். எட்டு மாதம் செய்யாத வேலையை எட்டு நாளில் செய்யப் பார்த்தோம். இறப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், அக்காவின் கையெழுத்து. அவள் கையெழுத்து ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக வந்தது. உங்கள் பெயருக்கு எதிரே தன் பெயரை எழுதும்போது கை நின்று நின்று போனது. நான் அவசரப்படுத்தினேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

கடைசித் தேதி வெள்ளிக்கிழமை முடிந்தது. பங்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அக்கா பெயருக்கு வந்தது. வந்த அன்றே சந்தை விழ ஆரம்பித்தது.

புதன்கிழமை மாலை வீட்டுக்குப் போனேன். அடுத்த திங்கள் திவ்யாவுக்குக் கெடு. “அக்கா, இப்ப இருக்கிற வெலைக்கு வித்தாக்கூட முதல் வருசப் பணம் வந்துடும். இன்னும் எறங்கறதுக்குள்ள வித்துடலாம்” என்றேன்.

அவள் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“ஆர்டர் யார் பேர்ல வந்துது?”

“மாமா பேர்ல.”

“இப்ப யார் பேர்ல கீது?”

“உன் பேர்ல.”

“அப்ப என் பேர்ல வரட்டும்.”

“அம்மா, இது கரும்பு இல்லம்மா” என்றாள் திவ்யா.

“உங்கப்பன்கிட்டயும் எல்லாரும் இதே தான் சொன்னீங்க. ஆர்டர் வந்துச்சா, இல்லயா?” பிறகு என்னைப் பார்த்தாள். “நீ சொல்றா. மலைமேல நின்னுக்கினு வித்தியே, நிமிந்துச்சா?”

என்ன சொல்லியிருக்க வேண்டும், மாமா? உங்களுக்கு வந்த கடிதம் தற்செயல் என்றா? அதை அவளிடம் சொல்ல முதலில் நான் நம்ப வேண்டுமே. அதைப் படித்த நாளிலிருந்து எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

“பணத்துக்கு வழி நான் பாத்துக்கறன். நீ போயி சாப்புடு” என்றாள் திவ்யாவிடம்.

மாமா, உங்களுக்கு ஒன்று உறுதி சொல்கிறேன். அக்கா பெயருக்கு எந்தத் தபால் வந்தாலும், வந்த அன்றே பிரித்து, வரிக்கு வரி தமிழில் சொல்லிவிடுவேன். விலை ஏறினால் சொல்ல மாட்டேன், இறங்கினாலும் சொல்ல மாட்டேன். ‘வித்துடு’ என்ற சொல் இனி அந்த வீட்டில் என் வாயிலிருந்து வராது.

திவ்யா திங்கட்கிழமை கல்லூரியில் சேர்ந்தாள். அக்கா பெயரில் இருந்த ஏரிக்கரை ஓரத்து அரை ஏக்கரை உங்கள் பெரியப்பா வீட்டார் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சரோஜாவின் தம்பி, உங்கள் மைத்துனன்
தணிகாசலம்