அவர் மேல் என்ன கேஸ்?

என் அன்பு மச்சான் ஜெயசீலா,

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாளே கடையைத் திறந்துவிட்டேன். உன் அக்காவுக்கு அதில் கோபம். இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வீட்டில் உட்கார்ந்து நான் என்ன செய்வது, நீயே சொல்? அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போலிருக்குமே, அப்படி இருக்கிறேன். வெங்காயம் நிறுக்கிறேன், அரிசி அளக்கிறேன். வருகிறவர்கள் உன்னைப் பற்றிப் பேசுகிறார்கள். தலையாட்டுகிறேன்.

சபை மலருக்கு உன்னைப் பற்றி எழுதச் சொன்னார்கள். புகழ்ந்து எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நாலைந்து வருஷம் முன்பு, எழுபதுகளின் கடைசியில், சபை வாலிபர் ஐக்கியத்தை உன் கையில் கொடுத்தபோது அது எப்படி இருந்தது? சனிக்கிழமை பேட்மிண்டன், கித்தார். விடுமுறை வந்தால் தஞ்சோங் டாவாய் கடற்கரையில் பிக்னிக். கடைசியில் ஒரு ஜெபம், அதுவும் பொரித்த கோழி ஆறிவிடும் என்று அவசர அவசரமாக. ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. "நல்லாத்தானே போவுது, ஏன்டா மாத்துற?" என்று நானே கேட்டேன்.

"மாமா, உங்க கடையில ஓசி மிட்டாய் குடுத்தாலும் கூட்டம் வரும். அதெல்லாம் வாடிக்கையா?" என்றாய்.

முப்பது வருஷ வியாபாரியிடம் வியாபாரம் பேசினாய்.

பிள்ளைகளை ரப்பர் தோட்டத்துக்கு அழைத்துப் போன முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். பீடோங்குக்கு வெளியே, தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்துக்கு நானும் சரக்குப் போட வந்திருந்தேன். எல்லோரும் வெள்ளைச் சட்டை, கையில் பைபிள், வரிசையாக நின்றீர்கள். உன் வாலிபர் கூட்டத்து ரெஜினாதான் முன்னால் வந்து சத்தமாகச் சொன்னாள்: "வணக்கம்! நாங்க சாட்சி சொல்ல வந்திருக்கோம்!"

படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன. அதற்கு முந்தின வாரம்தான் கள்ளுக்கடையில் வெட்டுக்குத்து. போலீஸ் வந்து வீடு வீடாகச் சாட்சி தேடிவிட்டுப் போயிருந்தது. ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்வதற்குச் சபையில் நாம் எந்நேரமும் சொல்லும் சொல். லயத்தில் அதற்கு வேறு அர்த்தம்.

அந்த லயத்து மாரியாயி அக்கா மட்டும் வாசலில் துணி துவைப்பதை நிறுத்தவில்லை. "யாருக்குடி சாட்சி? மாத்தா அனுப்புனானா?" என்றார். போலீஸுக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர்.

"இல்லக்கா. இயேசுவுக்குச் சாட்சி."

"ஐயோ பாவம், அவரு மேல என்னா கேஸு?"

சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். அக்கா விடவில்லை. "சரி, அவர நீ பாத்தியா? ஒனக்கு என்னா செஞ்சாரு?"

ரெஜினா மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். "எழுதிக் குடுத்தத சொல்றியா? இந்த மாதிரிச் சாட்சிய ஜட்ஜு வெரட்டிடுவாருலா!" என்று சொல்லி அக்கா வேட்டியைப் பிழிந்தார்.

நீ மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் பிக்னிக்கை ரத்து செய்தாய். சபை ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து, "அவர் ஒனக்கு என்னா செஞ்சாரு? பாஸ்டர் சொன்னது வேணாம், அம்மா சொன்னது வேணாம். ஒன்னோடத சொல்லு" என்று கேட்டாய். சிலர் வருவதை நிறுத்தினார்கள். மிச்சம் இருந்தவர்களோடு பல மாதம் வேதம் வாசித்தாய், உபவாசம் இருந்தாய், ஜெபித்தாய். அதற்குப் பிறகுதான் மறுபடி தோட்டம்.

இந்தத் தடவை ரெஜினா அந்த அக்காவின் பக்கத்தில் குந்திக்கொண்டு, தன் அப்பாவின் குடியைப் பற்றியும், அந்த வீட்டிலும் இயேசுவால் தனக்குக் கிடைத்த சமாதானத்தைப் பற்றியும் தன் வாயால் சொன்னாள். மாரியாயி அக்கா இன்றைக்கும் திருநீறு பூசுகிறவர்தான். அந்தப் பெண்ணை அவருக்குப் பிடித்துப் போனது. பக்கத்து வீட்டுக் குடும்பம்தான் ஞானஸ்நானம் எடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது யார் என்று யாருக்குத் தெரியும்?

போன மாதம் அந்தத் தோட்டத்திலிருந்து திரும்பும்போதுதான் மழையில் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது.

போன ஞாயிறு கமிட்டி கூடியது. செயலாளர் சொன்னார்: "இனிமே தோட்டம் வேணாம்லா. புள்ளைங்க உசுரு முக்கியம். ஜெயசீலன் பேர்ல வருஷா வருஷம் பேட்மிண்டன் கோப்பை வெச்சுடுவோம்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடும்பத்து ஆள் நான். நான் தலையாட்டினால் முடிந்தது.

நல்லவேளை, ரெஜினா எழுந்தாள். "அங்கிள், ரோட்டுக்குப் பயந்தா பாசாருக்கு மீன் வாங்கக்கூடப் போவ முடியாது. அண்ணன் இல்லேன்னா நாங்க சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம போயிடுமா?"

பிறகு நான் பேசினேன். "மோட்டார் வேணாம். சனிக்கிழமை மத்தியானம் கடைய மூடுறேன். என் வேன்ல போவோம்."

"சம்பளச் சனிக்கிழமையுமா தாமஸ்?" என்று கேட்டார் செயலாளர், நம்பாமல். அன்றைக்குத்தான் என் கடையில் வியாபாரம் அதிகம்.

"சம்பளச் சனிக்கிழமையும்."

கோப்பையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹாலில் உன் படமும் வேண்டாம் என்றேன். பிள்ளைகள் உனக்காகத் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தால், கொஞ்ச நாளில் நின்றுவிடுவார்கள். யாருக்காகப் போக வேண்டுமோ அவருக்காகப் போகட்டும். உன் அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. உனக்கு வருத்தமா?

நேற்று ஜெபிக்க முழங்கால் போட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப் போயிருக்கிறது ஆண்டவரே என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். அதுவும் ஜெபம்தானா?

வருகிற சனிக்கிழமை போகிறோம். எனக்குப் பேசத் தெரியாது. பேசுகிற பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு, பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருவேன். எனக்குக் கை கால் இயங்கும்வரை இது நிற்காது, மச்சான்.

உன் அக்காவின் கைப்பிடித்தவன்,
உன் மாமா தாமஸ்