பதினோரு மணி மேட்ரன்

மார்ச் 3, செவ்வாய்

ஏழரை இன்று ஏழே முக்காலுக்குத்தான் வந்தாள். பேருந்தைத் தவறவிட்டாளாம். காலை ஏழரைக்கு வருவதால் அக்கா வைத்த பெயர் அது. குளிப்பாட்ட வருகிற பணிப்பெண்ணை யாராவது ஏழரை என்று கூப்பிடுவார்களா என்று நான் பதறினேன். அவளோ, "என் வீட்டுக்காரரும் அப்படித்தாம்மா சொல்றாரு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் அக்காவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அரசாங்கக் கடிதம் வந்தது. முதியோருக்கான வீட்டுப் பராமரிப்பை மேம்படுத்துகிறார்களாம். எல்லோரையும் புதிதாக மதிப்பிட்டு, புள்ளி போட்டு, வாரத்துக்கு எத்தனை நாள் உதவி என்று தீர்மானிப்பார்களாம். அக்கா கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"மேம்படுத்தறோம்னு சொன்னா எதையோ எடுக்கப் போறாங்கன்னு அர்த்தம். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில மேட்ரனா இருந்தவ சொல்றேன், எழுதி வச்சுக்கோ."

எழுதி வைத்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

ஏழரை போகும் இன்னொரு வீட்டில் மதிப்பீடு முடிந்துவிட்டது. "ஆறு நாள் ரெண்டு நாளாச்சும்மா. பெரியவர் தானா குளிக்கப் போயி விழுந்துட்டாரு. இப்ப முதியோர் இல்லத்துல இருக்காரு, ஒரு ரூம்ல நாலு பேரு." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். அக்காவுக்குக் கேட்டுவிட்டது. அவளுக்குக் கை கால்தான் வராது, காது பாம்புக் காது.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். வலது கையும் காலும் பேருக்குத்தான் இருக்கின்றன. போன வருஷம், ஏழரைக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளை நான் தூக்கப் போய் என் இடது மணிக்கட்டு முறிந்தது. "இனிமே தூக்கினீங்கன்னா ரெண்டு பேரையும் சேர்த்து நான்தான் பாக்கணும்" என்றார் டாக்டர். ஆக, ஏழரை வந்தால் அக்கா இந்த வீட்டில். வராவிட்டால் அந்த நாலு பேர் அறையில். எனக்கு அவள், அவளுக்கு நான். வேற யாரு இருக்கா எங்களுக்கு? பயமா இருக்கு.

மார்ச் 12, வியாழன்

நாளை மதிப்பீட்டு அதிகாரி வருகிறாள். நாள் முழுக்க வீட்டைத் துடைத்தேன். கமோடு நாற்காலியைப் பின்னறையில் தள்ளி மேலே போர்வையைப் போட்டாயிற்று. வாக்கரும் அங்கேதான். முதுகு விட்டுப் போச்சு.

மார்ச் 13, வெள்ளி

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பதினோரு மணிக்கு வந்தாள். சின்னப் பெண், மரியாதையான பெண், மடியில் ஒரு டேப்லெட். அக்காவோ காலையிலேயே ஏழரையை மிரட்டிக் கொண்டை போட வைத்து, இஸ்திரி போட்ட உடையில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையைத் துண்டால் மூடியிருந்தாள்.

"குளிக்க உதவி வேணுங்களா?"

"நானே பாத்துக்குவேன்."

"உடை மாத்திக்க?"

"ஒரு வார்டையே கட்டி மேய்ச்சவம்மா நான்."

நான் டீத் தட்டோடு மரம் மாதிரி நின்றேன். வாயைத் திறக்கப் போனால் ஒரு பார்வை பார்க்கிறாள். அறுபத்தாறு வயதிலும் அந்தப் பார்வைக்கு எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கடைசியில், எங்கிருந்து வந்த பலமோ, இடது காலை ஊன்றி எழுந்து நின்று, சுவரைப் பிடித்து மூன்று அடி நடந்து, வழியனுப்பி வேறு வைத்தாள்! அவள் தெருமுனை தாண்டவில்லை, இவள் கட்டிலில் விழுந்தவள் சாயங்காலம் வரை எழவில்லை.

"எல்லாம் பொய்யா சொல்லிட்டியே அக்கா!"

"பின்ன? நான் ஒண்ணுத்துக்கும் உதவாதவன்னு என் வாயாலயே சொல்லணுமா? அந்தச் சின்னப் பொண்ணு முன்னாடி?"

மார்ச் 14, சனி

பேசவில்லை. அவளும் பேசவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை, அதைக்கூடக் கேட்காமல் சாப்பிட்டாள்.

மார்ச் 27, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள். செவ்வாயும் வெள்ளியும். ஏப்ரல் ஒன்றிலிருந்து.

கத்தினேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தும் அளவுக்குக் கத்தினேன். "உன் வீம்பாலதான்! இல்லத்துக்குப் போய் அங்கயும் நிமிர்ந்து உக்காரு போ!" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். படுத்துவிட்டால் தானாகத் திரும்பக்கூட முடியாது அவளால். முகத்தை மட்டும்தான் திருப்பினாள்.

மார்ச் 30, திங்கள்

கடிதத்தோடு இணைத்திருந்த அறிக்கையை இன்றுதான் முழுசாகப் படித்தேன். நாலாம் பக்கம்:

'வீடு மிகச் சுத்தமாக உள்ளது. உதவிக் கருவிகள் எதுவும் பயன்பாட்டில் காணப்படவில்லை. உடன் வசிக்கும் தங்கை திடமாக உள்ளார். கனமான தட்டைத் தனியாகத் தூக்கி வந்து உபசரித்தார்.'

ஒவ்வொரு வரியும் என் கைங்கரியம். நாற்காலியை ஒளித்தது யார்? வாக்கரை? மணிக்கட்டுக்கு டாக்டர் கொடுத்த பட்டை அழுக்காக இருக்கிறதே என்று அன்றைக்கு மட்டும் கழற்றி வைத்தது யார்? வீட்டுக்கு ஆள் வருதுன்னா எல்லாத்தையும் மறைக்கணும், அதுதானே நமக்குப் பழக்கம்? அக்கா வாயால் சொன்ன பொய்யை நான் துடைப்பத்தால் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அவளிடம் எப்படிச் சொல்வேன்?

ஏப்ரல் 1, புதன்

நாள் குறைத்த பிறகு ஏழரை வராத முதல் நாள். நானே குளிப்பாட்டினேன். ஈரத்தில் அவள் கால் வழுக்கியது. பிடித்தேன், கை விட்டுவிட்டது. இருவரும் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்து உட்கார்ந்தோம். அடி இல்லை. ஆனால் எழவும் முடியவில்லை. போன் கூடத்தில். முக்கால் மணி நேரம் குளியலறைத் தரையில், குழாய் சொட்டச் சொட்ட.

அங்கேதான் நாலாம் பக்கத்தைச் சொன்னேன். அழுதுகொண்டேதான். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "தட்டைத் தூக்கிட்டு வந்தியா? வலிச்சிருக்குமேடி" என்றாள். அவ்வளவுதான். எனக்கு இன்னும் அழுகை வந்தது.

நான் போட்ட கூச்சல் ஒருவழியாகக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரி வந்து தூக்கிவிட்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

மறுபரிசீலனை கேட்டுப் போன் செய்தேன். பதினோரு மணிக்கு வரலாமா என்றாள் அந்த அதிகாரிப் பெண். அக்கா இடது கையால் போனைப் பிடுங்கினாள்.

"ஏழரைக்கு வாங்கம்மா. பதினோரு மணிக்கு வந்தா மேட்ரனைத்தான் பாப்பீங்க. நோயாளியைப் பாக்கணும்னா ஏழரைக்கு வரணும்."

ஏப்ரல் 16, வியாழன்

எதையும் துடைக்கவில்லை. துடைக்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கமோடு நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்தில், வாக்கர் வழியில், பட்டை என் கையில்.

அக்கா கலைந்த தலையோடு, நனைந்த விரிப்பில் படுத்திருந்தாள். மாற்றப் போனேன், "விடு" என்றாள். அதிகாரி வந்து நின்றதும், கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு, டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் வார்டை ஒப்படைக்கும் அதே குரலில் ஆரம்பித்தாள்.

"நோயாளி பெண், வயசு எழுபத்து நாலு. வலது பக்கம் செயல் இல்ல. தானா எழ முடியாது, குளிக்க முடியாது. ராத்திரி சிறுநீர் கட்டுப்படாது, விரிப்பைப் பாத்தாலே தெரியும். போன தடவை கொடுத்த தகவல் தப்பு. கொடுத்தது நோயாளி."

அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள்.

"எழுதுங்கம்மா. கூட இருக்கறது தங்கச்சி, வயசு அறுபத்தாறு. இடது மணிக்கட்டுல பழைய முறிவு. தூக்கக் கூடாது, தூக்கறா. சொன்னா கேக்கறதில்ல."

பிறகு அந்தப் பெண் குளியலறை வாசலில் நின்று, நாங்கள் படும் பாட்டை முழுசாகப் பார்த்தாள். பாதியில் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு அவளே வந்து ஒரு பக்கம் பிடித்தாள். கிளம்பும்போது, "வேற ஏதாவது சொல்லணுங்களா?" என்றாள்.

"நோயாளிக்குப் பயமா இருக்கு. அதுக்கு உங்ககிட்ட கட்டம் இருக்கா?"

"கட்டம் இல்லைங்கம்மா. குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு."

"அங்க எழுதுங்க."

ஏப்ரல் 28, செவ்வாய்

ஐந்து நாள். பழைய ஆறு இல்லை, ஆனால் ஐந்து. ஏழரையிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, அக்காவின் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். குளிக்கப் போய் விழுந்த அந்தப் பெரியவரின் பிள்ளைகளிடமும் மறுபரிசீலனை கேட்கச் சொல்லப் போகிறாளாம், காலை ஏழரைக்கு வரச் சொல்லி.

மே 3, ஞாயிறு

அக்காவைப் பார்க்க அவளோடு வேலை பார்த்த பழைய நர்ஸ்கள் மூன்று பேர் வந்தார்கள். மணி அடித்ததும் என் கை தன்னால் கமோடு நாற்காலிக்குப் போயிற்று. அக்காவைப் பார்த்தேன்.

"இருக்கட்டும்டி," என்றாள். "உக்கார எடம் பத்தாது."

மூடியைச் சாத்தி, உட்கார இழுத்துப் போட்டேன். மூன்றாமவள் அதில்தான் உட்கார்ந்து டீ குடித்தாள். டீத் தட்டை என் கையிலிருந்து வாங்கித் தூக்கி வந்தவளும் அவள்தான்.