நாய் சாகுமா?

ஜூலை 3, வியாழன்

புதுப் பள்ளியில் நான் சூப்பர் ஹிட். "இந்தக் கணக்குல எங்க மாட்டிக்கிட்டே?" என்று டீச்சர் கேட்டார். "முதல் பெஞ்சுல, மிஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது. மதிய மணி அடித்ததும் சிரித்தவர்கள் எல்லாம் கும்பல் கும்பலாகக் கிளம்பிவிட்டார்கள். ரசிகர்கள் உண்டு, பந்திக்குத்தான் ஆள் இல்லை. சைக்கிள் நிறுத்துமிடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தனியாகச் சாப்பிட்டால் டப்பா சீக்கிரம் காலியாகிவிடுகிறது.

"பரவால்லையே வாலு, துளிகூட மிச்சமில்ல!" டப்பாவைக் கழுவும்போது அக்கா மெச்சினாள். மெச்சட்டும்.

ஜூலை 5, சனி

அக்காவுக்கு வாடிக்கையாளர் சேவையில் போன் எடுக்கிற வேலை. ஊர்ப்பட்ட திட்டை வாங்கிக்கொண்டு வந்து, சோபாவில் சுருண்டு, நூலக நாவலுக்குள் போய்விடுவாள். எல்லாம் ஒரே கதை. ஒரு பெண் புது ஊருக்குப் போவாள், யாரும் பேச மாட்டார்கள், மழை பெய்யும், தோழி கிடைப்பாள், சுபம். ஆறுதல் நாவலாம். எனக்கு ஆறினது எதுவுமே தொண்டையில் இறங்காது.

"முடிவைச் சொல்லிடவா?" என்று மிரட்டினேன்.

"சொல்லேன். நல்லபடியா முடியும்னு தெரிஞ்சுதானே படிக்கிறேன். கத்துறவன் எப்போ நிறுத்துவான்னு தெரியாமலே நாள் பூரா உக்காந்திருக்கேன்டி. இதுலயாவது தெரியட்டுமே."

சப்பென்று போய்விட்டது.

ஜூலை 6, ஞாயிறு

அவளுடைய அடுத்த நாவலின் அட்டையில் ஒரு நாய். உள்ளே படிக்கவெல்லாம் இல்லை. முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்: கடைசியில் நாய் செத்துவிடும்.

அக்கா பார்த்தாள். மூடினாள். "இதைத் திருப்பிக் குடுத்துடு வாலு. எனக்குத் தெம்பு இல்ல."

பலித்துவிட்டது! சிரிக்கத்தான் வரவில்லை.

ஜூலை 7, திங்கள்

புத்தகத்தை நூலகத்தில் கொடுத்தாயிற்று. அழிக்க மறந்துவிட்டேன். மறந்தேனா?

ஜூலை 9, புதன்

அதே புத்தகம் ஏணியின் கையில்! வகுப்பிலேயே உயரமானவள், கடைசி பெஞ்ச், என் ஜோக்குக்குச் சிரிக்காத ஒரே ஆள். முதல் பக்கத்தைத் திறந்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"என்னாச்சு?"

"எங்க நாய் போய் ரெண்டு மாசம்தான் ஆகுது. இதுலயாவது பொழைச்சுக்கும்னு எடுத்தேன்."

"சாகாதுப்பா!"

"நீ படிச்சியா?"

மாட்டினேன். "குடு, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று வாங்கி வந்துவிட்டேன். நிஜமாகவே செத்துத் தொலைத்தால்?

ஜூலை 10, வியாழன்

கதையில் நாய் தொலைந்துவிட்டது. பக்கம் பக்கமாகக் காணோம். கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். புரட்டவில்லை. ஏன்னா நடுவுல, நாயை வளர்த்த பொண்ணு படிக்கட்டுல தனியா உக்காந்து சாப்பிடுறா. சாப்பிட்டு முடிச்சுட்டு, இன்னும் சாப்பிடுற மாதிரி வெறும் டப்பாவைக் கிளறிக்கிட்டே இருக்கா. நான் மட்டும்தான் அப்படிச் செய்யறேன்னு நெனச்சிருந்தேன் — எழுதினவங்களுக்கு யாரு சொன்னது?

ஜூலை 11, வெள்ளி

வந்துவிட்டது! ஒரு காது கிழிந்து, நொண்டிக்கொண்டு, ஆனால் வந்துவிட்டது. நான் அழவில்லை. இந்த வீட்டை ஒழுங்காகப் பெருக்கினால் கண்ணில் தூசி விழாது.

"பொழைச்சிடுச்சு! காது மட்டும் கொஞ்சம் டேமேஜ்" என்று ஏணியிடம் ஓடினேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "முதல் பக்கத்துல எழுதினது நான்தான்" என்றும் சொல்லித் தொலைத்தேன். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

நாயே திரும்பி வந்துவிட்டது. இவள்?

ஜூலை 14, திங்கள்

மதியம் படிக்கட்டில் நீளமாக ஒரு நிழல். ஏணி ரப்பரை நீட்டினாள். "நீயே அழி."

அழித்தேன். ஊதினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

"இனிமே எதையும் நீ முதல்ல படி. யாரும் சாகலைன்னா எங்கிட்ட குடு."

"சம்பளம்?"

"அடிக்காம விடுறேன்ல?"

சிரித்துவிட்டாள். என் ஜோக்குக்கு இல்லை, அவள் ஜோக்குக்கே. பரவாயில்லை.

சாயங்காலம் அக்காவிடம், "அந்த நாய்ப் புத்தகத்தை மறுபடி எடு. நான் கேரண்டி" என்றேன். சந்தேகமாகப் பார்த்தாள். என் வரலாறு அப்படி.

ஜூலை 16, புதன்

அக்கா என் டப்பாவைத் திறந்தாள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டாள்.

"என்ன வாலு, உடம்பு சரியில்லையா?"

"பேசிக்கிட்டே இருந்தோம். மணி அடிச்சிட்டாங்க."

அக்கா நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். ஆறிப்போன மிச்சத்தை நின்றபடியே தின்று தீர்த்தாள்.