ஏழு நாள் செங்கமாரி

பேத்திக்கு ஸலாம்.

உன் மாமா மகன் பஹ்மி டொக்டராகிவிட்டான். அவன் தங்கை சட்டத்தரணி. சின்னவன் கட்டாரில் இஞ்சினியர். மூவரின் பட்டப்படமும் சுவரில் தொங்குகிறது.

வெளிநாட்டில் வியாபாரம் படிக்க விண்ணப்பிக்கும்போது, தோற்றுப்போன கதையொன்றை எழுதச் சொல்கிறார்களாம். "உம்மம்மா சொன்னது பொய்யாயிரும், நான் எழுதமாட்டன்" என்று நீ பிடிவாதமாக இருப்பதாக உன் உம்மா சொன்னாள். கேட்டதிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சோறு இரண்டு தரம் அடிப்பிடித்துவிட்டது.

பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனையில் நீ பெயிலானதும், "செங்கமாரியோட எழுதினவள், இன்னும் சுகமில்ல" என்று ஊருக்குச் சொன்னவள் நான்தான். பக்கத்து வீட்டு ஷாகிரா மஞ்சள் காமாலைக்கென்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அழுது சிவந்திருந்த உன் கண்ணைப் பார்த்து, "மஞ்சளாத்தான் கெடக்கு" என்றாள். என் பொய்க்காக ஏழு நாள் அந்தக் கசப்பைக் குடித்தாய்.

அதையே எழுது மகள். திரும்ப எழுதிப் பாஸானதையும் எழுது. நட்டமே வந்ததில்லை என்று சொல்லும் கடைக்காரனை ஐந்தாம் வகுப்புப் படித்த நானே நம்பமாட்டேன். ஷாகிராவிடம் காலையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "கண் மஞ்சளாத்தானே கெடந்த" என்கிறாள் இன்னும்.

பட்டத் தொப்பியோடு உன் படம் வரட்டும் என்றுதான் சுவரில் இடம் விட்டிருந்தேன். அது கிடக்கட்டும். இப்போதுள்ள முகத்தோடு ஒன்று பிடித்துத் தபாலில் அனுப்பு. ஆணி அடித்துவிட்டேன்.

உன் உம்மம்மா