வரைபடக் கூடத்து மெஷின்

என்னோடு மல்லுக்கட்டியே காலத்தை ஓட்டிய சலீம் அண்ணே,

லேப் பிழைத்துக்கொண்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "சுத்தி வளைக்காம விசயத்துக்கு வா தாயி" என்பீர்கள்.

நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போன அன்றோடு நான் லேப் வேலையை அப்படியே போட்டுவிட்டேன். அது என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியாததா? திருமங்கலம் ரோட்டில் இருக்கும் நம் கல்லூரிக்கு யாரோ தானமாகக் கொடுத்த பழைய யூனிக்ஸ் மெஷின்கள். அவற்றில் விண்டோக்களைத் திறந்து காட்டும் சாப்ட்வேர் ரெடிமேடாக எங்கேயும் கிடைப்பதில்லை. சோர்ஸ் கோடை இறக்கி, சர்வர் அறையில் ஒரு மெஷினில் கம்பைல் செய்து, நெட்வொர்க் வழியாக மற்ற எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும். சாப்ட்வேர் என் பாடு, ஒயர் உங்கள் பாடு. எது மக்கர் செய்தாலும் நான் உங்கள் ஒயரைத் திட்டுவேன், நீங்கள் என் சாப்ட்வேரைத் திட்டுவீர்கள். இப்போது நான் யாரைத் திட்ட?

ஒவ்வொரு மெஷினும் தயாரானதும் சர்வர் அறையிலிருந்து அந்த இரண்டு கண்களை அனுப்புவேன். மவுஸ் போகிற பக்கமெல்லாம் உருண்டு பார்க்கும் சின்ன விண்டோ அது. நீங்கள் போனும் கையுமாக அந்த மெஷின் முன்னால் நிற்பீர்கள்.

"வந்துச்சாண்ணே?"

"வந்துருச்சு தாயி, முழிக்குது!"

என் திரை எல்லாம் சரி என்று காட்டினாலும், நீங்கள் சொல்லாமல் அடுத்த மெஷினுக்குப் போகமாட்டேன். "கண்ணால பாக்காம என்னத்த சரி?" என்பீர்களே.

போன வாரம் பிரின்சிபால் கூப்பிட்டார். செய்முறைத் தேர்வுக்குள் லேப் ஓடாவிட்டால் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவாராம். "ஓடும் சார்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதேன். நீங்கள் இழுத்த ஒயரெல்லாம் எடைக்குப் போவதா அண்ணே?

உட்கார்ந்துவிட்டேன். சாப்ட்வேருக்கு வேண்டிய ஒரு லைப்ரரி சரியானால் அடுத்தது முரண்டு பிடித்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் கண்களை அனுப்பிவிட்டு நானே ஓடிப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வந்தது, வரைபடக் கூடத்து மெஷினைத் தவிர. எதிர்க் கட்டடம், அதுவும் மாடி. ஏறி இறங்கியே கால் ஓய்ந்துபோனது. வேப்பமரத்து வழியாக நீங்கள் இழுத்த அந்த ஒயரை அணில் கடித்திருக்கும் என்று வாய்விட்டே திட்டினேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மும்தாஜ் மதினி. உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து முடித்து, உங்கள் ஸ்பேனர் பையை வாங்கிப் போக வந்திருந்தார்.

"அவுக ஒயரத்தான திட்டுற? வீட்டுக்கு வந்து ஒன் சாப்ட்வேரத் திட்டாம அவுக சோறு தின்னதே கெடையாது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் போனபிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

சிரித்தபிறகுதான் எனக்கு மூளையே வேலை செய்தது. இந்தத் தடவை நான் இறக்கிய புது வெர்ஷன், வேறு மெஷினிலிருந்து வரும் விண்டோ எதையும் தானாக உள்ளே விடாது. விடு என்று நாம்தான் சொல்ல வேண்டும். மற்ற மெஷின்களுக்குச் சொன்னவள் இதற்கு மட்டும் மறந்திருக்கிறேன். உங்கள் ஒயர் கல்லு மாதிரி இருக்கிறது. போதுமா?

உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிசெய்தேன். எழுந்து ஓடப் போனவளை மதினி நிறுத்தினார். "நான் போயி நிக்கிறேன். அவுக சொல்லிச் சொல்லிப் பூரிச்ச அந்தக் கண்ண நானும் ஒருக்கா பாக்குறேன்."

அவர் மாடி ஏறி அந்த மெஷின் முன்னால் நின்றதும் கண்களை அனுப்பிவிட்டு போனைக் காதில் வைத்தேன். பழக்கதோஷம், "வந்துச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் மேசையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. மவுஸை அசைத்துப் பார்த்திருக்கிறார்.

"வந்துருச்சு தாயி" என்றார் மதினி. "முழிக்குது. எங்கிட்டு நகட்டுனாலும் அங்கிட்டே பாக்குது."

போனை வைக்காமலே இரண்டு பேரும் அழுதோம்.

ஸ்பேனர் பையை மதினி எடுத்துப் போகவில்லை. "இங்ஙனயே கெடக்கட்டும், வேலைக்கு ஆகும்" என்று உங்கள் நாற்காலியிலேயே வைத்துவிட்டார். இனி எந்த மெஷினையும் யாராவது கண்ணால் பார்த்துச் சொல்லாமல் சரி என்று சொல்லமாட்டேன், இது சத்தியம். உங்கள் ஒயரைத் திட்டுவதை மட்டும் விடமாட்டேன். அதற்கு மதினியிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

சண்டை போட ஆளில்லாமல் நிற்கும் உங்கள் தங்கச்சி,
கலா, விளாங்குடி